அணுக்கருவின் அதிர்வும் நியூத்திரனின் சான்றும்

வன்னிப் பெருநிலப் பரப்பில் வைகாசிப் பொங்கலுக்குப் புதுப்பானை வாங்குவோர் அதனைக் கண்ணாற் கண்ட மட்டில் அமைவதில்லை. ஒரு கையில் ஏந்தி, மறு கையின் விரற்கணுவால் மெல்லத் தட்டி, எழும் ஓசையைச் செவிமடுப்பர். கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்த பானை. ஓசை அடைத்து மங்கினால் எங்கோ மயிரிழை வெடிப்பு உண்டு என்பது அவர் துணிபு. உடைத்துப் பாராமலே உள்ளியல்பை அறியும் இவ்வழியை நம் முன்னோர் எந்தப் பௌதிக நூலிலும் கற்றிலர், அநுபவத்தாற் கண்டனர்.

இம்முறையின் உட்பொருள் யாது? தட்டும் விரல் பானைக்குச் சிறிது சக்தியைக் கொடுக்கின்றது. பானை அச்சக்தியைத் தன் வடிவுக்கும் திண்மைக்கும் ஏற்ற அதிர்வாக ஏற்று, பின்னர் ஒலியாக வெளிவிடுகின்றது. ஆகவே அவ்வொலியிற் பானையின் வரலாறு முழுதும் அடங்கியிருக்கின்றது. கண்ணுக்கும் நுண்காட்டிக்கும் எட்டாத அணுக்கருவையும் விஞ்ஞானிகள் இங்ஙனமே தட்டிப் பார்க்கின்றனர். ஆங்கே தட்டும் விரல் நியூத்திரன். எழும் ஓசை காமாக் கதிர். அரைநூற்றாண்டுக்கு மேலாகப் பாடநூல்களில் அழகுற விளங்கிய ஒரு சித்திரத்தை இச்சோதனை எங்ஙனம் ஐயத்துக்குள்ளாக்கியது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துளி என்னும் உவமை

அணுவின் நடுவே மிகச் சிறிய கரு ஒன்று உண்டென 1911 ஆம் ஆண்டில் இரதபோட் நிறுவினார். அக்கருவில் நேர் மின்னேற்றமுடைய புரோத்தன்களோடு மின்னேற்றமற்ற நியூத்திரன்களும் உள்ளன என்பது 1932 இற் சாட்விக் நியூத்திரனைக் கண்டறிந்த பின் தெளிவாயிற்று. அணுவின் பருமனோடு ஒப்பிடுமிடத்துக் கருவின் குறுக்களவு ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கே. அணுவை இரணைமடுக் குளத்தின் அகலத்துக்குப் பெருக்கிக் காணின், கரு அக்குளத்தின் நடுவே மிதக்கும் ஒரு தேங்காயளவே தேறும்.

இத்துணைச் சிறிய பொருளினுள் நூற்றுக்கு மேற்பட்ட துணிக்கைகள் நெருங்கியிருப்பின், அவற்றின் இயக்கத்தை ஒவ்வொன்றாகக் கணித்தல் எளிதன்று. ஆதலின் அறிஞர் ஓர் உவமையை நாடினர். தாமரை இலைமேல் நிற்கும் நீர்த்துளியை நோக்குக. அதனுள் உள்ள மூலக்கூறுகள் தத்தம் அயலவரை மட்டுமே பற்றி நிற்கின்றன. மேற்பரப்பின் இழுவிசை துளியைத் திரட்டி உருண்டையாக்குகின்றது. காற்றசைவில் இலை ஆடுங்கால் துளி சிதறுவதில்லை. ஒருகால் முட்டைபோல் நீண்டும், மறுகால் பணியாரம்போல் தட்டையாகியும் அதிர்கின்றது. இத்தகைய துளி அதிர்வின் கணிதத்தை இறேலி பிரபு 1879 இலேயே வகுத்திருந்தார். அணுக்கருவையும் அத்தகைய துளியாகக் கருதலாம் என்ற எண்ணம் காமோ முதலியோரால் முளைவிட்டு, நீல்ஸ் போரின் கையில் வளர்ந்தது. 1939 இற் போரும் வீலரும் யுரேனியக் கரு பிளவுறுதலை இத்துளி உவமை கொண்டே விளக்கினர்.

நீல்ஸ் போர் தமிழ் மண்ணுக்கும் வந்தவர். 1960 ஆம் ஆண்டு சனவரியிற் சென்னைக்கு வந்த அவர், பேராசிரியர் அல்லாடி இராமகிருஷ்ணன் தம் இல்லத்தில் நடத்திவந்த கொள்கைநிலைப் பௌதிகக் கருத்தரங்கைக் கண்டு மனமுவந்து பாராட்டினார். அம்முயற்சியே வளர்ந்து, 1962 சனவரி 3 ஆம் நாள் சென்னையிற் கணித விஞ்ஞான நிறுவனமாக உருப்பெற்றது.

தந்தையின் உவமையை மைந்தர் முழுமையாக்கினார். 1952 இல் ஆகே போரும், அடுத்து அவரோடு இணைந்த பென் மொற்றல்சனும், கருத்துளியின் மேற்பரப்பு அதிர்வைக் குவாண்டம் விதிகளின்கீழ்க் கொணர்ந்தனர். இத்துறையில் முன்னோடியான சிந்தனை ஒன்றை 1950 இல் வெளியிட்ட றெயின்வாட்டரும் சேர, மூவரும் 1975 ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதிர்வின் படிகள்

பானையை மெல்லத் தட்டினால் மெல்லொலி, வன்மையாகத் தட்டினால் வல்லொலி. இடைப்பட்ட எவ்வளவும் இயலும். அணுக்கருவிலோ அவ்வாறன்று. குவாண்டம் விதிகளின்படி அதிர்வுச் சக்தி, கேணியின் படிக்கட்டுப்போல், குறித்த அளவுகளில் மட்டுமே ஏறும். ஒன்றுமே அதிராத அடிநிலையைத் தரை நிலை என்பர். அதற்கு மேற்பட்டனவெல்லாம் அருட்டிய நிலைகள். ஒரு படிக்குரிய அதிர்வுக் கூறினைப் போனன் என வழங்குவர்.

கட்மியம் என்னும் உலோகத்தின் 112 திணிவெண் உடைய சமதானியை எடுத்துக்கொள்வோம். ஒரே மூலகத்தின் வேறு வேறு திணிவுடைய வகைகளே சமதானிகள் என்பதை மாணவர் அறிவர். இக்கருவின் முதல் அருட்டிய நிலை தரைக்கு மேல் 617 கிலோ இலத்திரன்வோற்றில் உள்ளது. இதனை ஒரு துளியின் அதிர்வாகக் கொண்டு மீடிறனைக் கணித்தால், ஒரு செக்கனில் 15 என்னும் எண்ணையடுத்து 19 பூச்சியங்கள் இட்டு எழுதத்தக்க தடவைகள் கரு நீண்டும் தட்டையாகியும் ஆடுதல் வேண்டும்.

கொள்கை மேலும் மூன்று செய்திகளைத் திட்டமாகக் கூறியது. முதலாவது, சக்தி பற்றியது: இரண்டு போனன் உடைய நிலைகள் முதற்படியின் இரட்டிப்பு உயரத்திலும், மூன்று போனன் உடையவை மும்மடங்கு உயரத்திலும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, எண்ணிக்கை பற்றியது: ஒரு போனனின் சுழற்சி எண் 2. அத்தகைய இரண்டு கூடும்போது 0, 2, 4 என்னும் சுழற்சி எண்களை உடைய மூன்று நிலைகளும், மூன்று கூடும்போது 0, 2, 3, 4, 6 என்னும் ஐந்து நிலைகளும் தோன்றுதல் வேண்டும். குறைதலும் ஆகாது, மிகுதலும் ஆகாது. மூன்றாவது, இறங்கும் விரைவு பற்றியது. கரு தன் சக்தியைக் காமாக் கதிராக விட்டு இறங்கும்போது ஒரு வேளையில் ஒரு போனனையே இழக்கலாம். ஓர் அறையில் ஒருவர் இருப்பின் வெளியேறத்தக்கவர் ஒருவரே. இருவர் இருப்பின் அவ்விருவருள் எவரும் வெளியேறலாம். ஆகவே வெளியேற்றத்தின் வாய்ப்பு இரட்டிக்கின்றது. அதேபோல், இரண்டு போனன் நிலையிலிருந்து இறங்கும் கதிர்ப்பின் உள்வலிமை, ஒரு போனன் நிலையிலிருந்து இறங்குவதன் வலிமையைப்போல் இருமடங்காதல் வேண்டும்.

இம்மூன்றாம் செய்தியை வாசகர் மனத்தில் இருத்துக. வழக்கின் தீர்ப்பு இதனைப் பொறுத்தே அமைந்தது.

கட்மியம் பெற்ற புகழ்

இவ்விலக்கணங்களுக்கு இலக்கியமாய் நிற்கும் கரு எது என்று தேடியோர் கட்மியத்தைக் கண்டனர். 112 கட்மியத்தில் முதற்படி 617 ஆயின் இரண்டாம் படி 1,235 அளவில் இருத்தல் வேண்டும். ஆங்கே 1,224 இற் சுழற்சி 0, 1,312 இற் சுழற்சி 2, 1,415 இற் சுழற்சி 4 என்று மூன்று நிலைகள் அணிவகுத்து நின்றன. இத்தகைய ஒழுங்கு இரட்டையெண் புரோத்தனும் இரட்டையெண் நியூத்திரனும் உடைய கருக்கள் பலவற்றிலும் காணப்படுவதை 1955 இற் சார்வ்-கோல்ட்காபரும் வெனசரும் தொகுத்துக் காட்டினர். அன்றுதொட்டுக் கட்மியம் பாடநூல்களின் செல்லப்பிள்ளையாயிற்று. 1987 இல் 118 கட்மியத்தில் மூன்று போனனுக்குரிய ஐந்து நிலைகளும் ஏறக்குறைய உரிய உயரத்திற் காணப்பட்டன என்ற அறிவிப்பு வந்தபோது, அதிர்வுச் சித்திரம் முழுமை எய்தியது என்றே பலரும் எண்ணினர்.

ஆயினும் ஓர் உறுத்தல் இருந்தது. 112 கட்மியத்தில் அம்மூன்று நிலைகளோடு, 1,433 இற் சுழற்சி 0 உடையதும் 1,469 இற் சுழற்சி 2 உடையதுமாகிய இரண்டு நிலைகள் அழையா விருந்தினராய் நின்றன. மூவர் இருக்கவேண்டிய திண்ணையில் ஐவர். இதற்கும் ஒரு விளக்கம் கூறப்பட்டது. கருவினுள் துணிக்கைகள் ஓடு ஓடாக அடுக்கப்பட்டுள்ளன. 50 புரோத்தனோடு ஓர் ஓடு நிரம்புகின்றது. கட்மியத்தின் புரோத்தன்கள் 48. அவற்றுள் ஓரிணை அவ்வோட்டின் வேலியைத் தாண்டி மேலே சென்றால், கரு வேறொரு நீண்ட வடிவத்தைப் பெறும். அவ்வடிவுக்குரிய புகுநிலைகளே இவ்விருவர் என்றனர். அவை அதிர்வு நிலைகளோடு கலப்பதால் ஒழுங்கு சற்றுப் பிறழ்கின்றது. கலப்பை நீக்கிப் பார்த்தால் அதிர்வு அப்படியே உள்ளது என்பது அக்கூற்று.

இக்கூற்று மெய்யோ? சக்தியளவை மட்டும் கொண்டு இவ்வினாவுக்கு விடை கூறல் இயலாது. பானைகள் இரண்டு ஒரே உயரமாயிருத்தல் அவற்றின் ஓசையும் ஒன்று என்பதற்குச் சான்றாகாதன்றோ? ஒவ்வொரு நிலையும் எவ்வளவு காலம் நிலைத்து, எவ்வழியே, எவ்வளவு வலிமையோடு இறங்குகின்றது என்பதை அளத்தல் வேண்டும்.

தட்டுவதற்கேற்ற விரல்

மோதி மீளும் பொருளின் சக்திக் குறைவைக் கொண்டு மோதுண்ட பொருளின் அதிர்வை அறியும் நெறி தமிழர்க்குப் புதியதன்று. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமனும் அவருடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928 ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் கண்டதும் இதுவே. திரவத்தின் ஊடே செல்லும் ஒளி, மூலக்கூறுகளை அதிரச் செய்து, அதற்கீடான சக்தியை இழந்து நிறம் மாறி வெளிவருகின்றது. ஒளிக்குப் பதிலாக நியூத்திரனையும் மூலக்கூறுக்குப் பதிலாகக் கருவையும் வைத்தால் நம் பொருள் கிடைக்கும். நியூத்திரன் தன் சக்தியில் ஒரு பகுதியைக் கருவினுள் விட்டு வெளியேறும் இம்மோதலை மீள்தன்மையில் சிதறல் என்பர்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. நியூத்திரன் சிதறல் என்னும் பெயரால் வேறொரு துறையும் வழங்குகின்றது. அணு உலையிலிருந்து வரும் மெதுவான நியூத்திரன்களைக் கொண்டு பளிங்குகளில் அணுக்கள் அதிர்வதை ஆராய்வது அது. கனடாவில் புரொக்கவுசுடன் பயின்ற பி. கே. ஐயங்கார், 1956 இல் இயங்கத் தொடங்கிய அப்சரா உலையுள்ள துரோம்பேயில் அத்துறையை வளர்த்தார். அங்கு அதிர்வன முழு அணுக்கள். நாம் பேசுவதோ கரு தன்னுள்ளே அதிர்வதைப் பற்றியது. முன்னதற்கு வேண்டுவது ஓர் இலத்திரன்வோற்றினும் மிகக் குறைந்த சக்தி. பின்னதற்கு வேண்டுவது அதைப்போல் கோடிக்கணக்கான மடங்கு.

இனி, கருவைத் தட்ட நியூத்திரனே ஏன்? புரோத்தனை ஏவினால், கட்மியக் கருவின் 48 நேர் மின்னேற்றங்களும் அதனை எதிர்த்துத் தள்ளும். அத்தடையை மீறப் பெருஞ்சக்தி வேண்டும். பெருஞ்சக்தியோடு புகுந்தால், வேண்டிய படியோடு வேண்டாத மேற்படிகள் பலவும் ஒருங்கே அருட்டப்படும். அது சம்மட்டியாற் பானையைத் தட்டுவது போலாகும். நியூத்திரனுக்கோ மின்னேற்றமில்லை, ஆதலின் எதிர்ப்பில்லை. வேண்டிய படிக்குச் சற்றே மேற்பட்ட சக்தியுடன் அது தடையின்றிக் கருவினுட் புகும். மேலும், சுழற்சி எண் சிறிதாயுள்ள நிலைகளுள் இன்ன நிலையைத் தொடுவேன், இன்னதைத் தொடேன் என்ற பாரபட்சமும் அதற்குப் பெரும்பாலும் இல்லை. சபையிலுள்ள யாவரையும் ஒருங்கே வினாவும் நடுவர்போல் அது நடந்துகொள்கின்றது. மறைந்து நிற்கும் நிலையையும் வெளிக்கொணர இது பெரிதும் உதவும்.

ஆய்வுகூடத்தில் நிகழ்வது

இவ்வகை ஆய்வுக்குப் பேர்பெற்ற இடம் ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கிப் பல்கலைக்கழக ஆர்முடுக்கி ஆய்வுகூடம். ஆங்கு மக்கெலிசுரம், ஸ்ரீவன் யேற்ஸ் முதலியோர் பல்லாண்டுகள் இம்முறையைச் செப்பஞ்செய்தனர். 70 இலட்சம் வோற்று அழுத்தத்துக்கு அமைந்த வான் டி கிராப் இயந்திரம் புரோத்தன்களை விரைவுபடுத்துகின்றது. அவை திரிதியம் என்னும் மும்மடங்குத் திணிவுடைய ஐதரசன் வாயு அடைத்த சிறு கலத்தில் மோதுகின்றன. அம்மோதலிற் கீலியமும், ஏறக்குறைய ஒரே சக்தியுடைய நியூத்திரன்களும் பிறக்கின்றன. புரோத்தனின் சக்தியை மாற்றினால் நியூத்திரனின் சக்தியும் வேண்டியவாறு மாறும்.

அந்நியூத்திரன்களின் வழியில் ஆராயவேண்டிய பொருளைத் தொங்கவிடுவர். இயற்கைக் கட்மியம் எட்டுச் சமதானிகளின் கலவையாதலின், வேண்டிய ஒன்றை மட்டும் செறிவித்துப் பல கிராம் அளவிற் பெற்றே ஆராய்தல் வேண்டும். வெளிவரும் காமாக் கதிரைச் சற்றுத் தூரத்தில் உள்ள தூய ஜேர்மேனிய உணரி பதிவுசெய்கின்றது. இங்ஙனம் மூன்று அளவீடுகள் நிகழும்.

முதலாவதில், நியூத்திரனின் சக்தியைப் படிப்படியாக உயர்த்துவர். குறித்த ஒரு காமாக் கதிர் எச்சக்தியில் முதன்முதல் தோன்றுகின்றதோ, அதுவே அது பிறக்கும் நிலையின் உயரம். இரண்டாவதில், உணரியை வெவ்வேறு கோணங்களில் நிறுத்திக் கதிரின் செறிவை ஒப்பிடுவர். இதனால் அந்நிலையின் சுழற்சி எண் புலனாகும்.

மூன்றாவதே நுட்பத்தின் சிகரம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ புகையிரதக் கடவையருகே நின்றோர், வண்டி அணுகும்போது அதன் ஊதொலி உச்சமாகவும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதை அறிவர். இதனைத் தொப்ளர் விளைவு என்பர். 30 இலட்சம் இலத்திரன்வோற்றுச் சக்தியுடைய நியூத்திரன் மோதிய கட்மியக் கரு, செக்கனுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகத்தில் முன்னோக்கித் தள்ளுண்கின்றது. ஆயினும் அயலிலுள்ள அணுக்கள் அதனை விரைவில் நிறுத்திவிடும். அதற்கு ஆகும் காலம் ஒரு பிக்கோசெக்கன் அளவினது. ஒரு செக்கனை இலட்சங்கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கே பிக்கோசெக்கன். கரு ஓடிக்கொண்டிருக்கும்போதே காமாக் கதிரை விட்டால், முன்னே நிற்கும் உணரியிற் கதிரின் சக்தி சற்றுக் கூடியும், பின்னே நிற்பதிற் குறைந்தும் தோன்றும். நின்றபின் விட்டால் அவ்வேறுபாடு இராது. ஆகவே இவ்வேறுபாட்டின் அளவே நிலையின் ஆயுட்காலத்தைக் காட்டும் கடிகாரமாகின்றது. 1,000 கிலோ இலத்திரன்வோற்றுக் கதிரில் இவ்வேறுபாடு ஒருபுறம் 0.7 ஐத் தாண்டுவதில்லை. அச்சிறு நகர்வை நிறுத்து அளந்தே ஆயுட்காலம் பெறப்படுகின்றது.

இங்கே நியூத்திரனின் மற்றொரு நன்மை விளங்கும். வேண்டிய நிலைக்கு மேலுள்ளவற்றை அருட்டாதபடி சக்தியைத் தெரிந்தெடுத்தமையால், மேலிருந்து காலந்தாழ்த்து இறங்கி வந்து கணக்கைக் குழப்புவார் எவருமிலர். ஆயுட்காலம் தெரிந்தால், இறங்கும் வழிகளின் பங்கீட்டோடு சேர்த்து, ஒவ்வொரு கதிர்ப்பின் உள்வலிமையையும் கணித்துவிடலாம்.

சான்று கூறியது

இங்ஙனம் 110 முதல் 116 வரையுள்ள இரட்டையெண் கட்மியச் சமதானிகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. சுழற்சி 2, 4, 6 என ஏறும் முதல் வரிசை கொள்கைக்கு ஓரளவு பொருந்தியது. 4 சுழற்சி நிலையிலிருந்து இறங்கும் வலிமை ஏறக்குறைய இருமடங்காகவே இருந்தது. ஆனால் சுழற்சி சிறிதாயுள்ள மற்றைய நிலைகள் மாறாகச் சான்று பகர்ந்தன. இரண்டு போனனுக்கும் மூன்று போனனுக்கும் உரியவையென எண்ணப்பட்ட 0, 2 சுழற்சி நிலைகள் பல, எதிர்பார்த்த வலிமையோடு எதிர்பார்த்த படிக்கு இறங்கவில்லை. சில நிலைகளில் இருமடங்கு இருக்கவேண்டிய வலிமை, இல்லையென்று சொல்லத்தக்க அளவுக்குச் சிறுத்திருந்தது.

கலப்பு என்னும் பழைய விளக்கம் இக்குறையை நிரப்புமா? அதுவே உண்மையாயின், நீண்ட வடிவுக்குரிய புகுநிலைகள் சக்தியில் விலகி நிற்கும் சமதானிகளிற் கலப்புக் குன்றி, அதிர்வின் ஒழுங்கு மீண்டும் தலைகாட்டுதல் வேண்டும். அங்ஙனம் நிகழவில்லை. எல்லாச் சமதானிகளிலும் ஒரேவகைக் குறையே தொடர்ந்து காணப்பட்டது. ஆதலின் 2008 இற் கரெற், கிரீன், வூட் ஆகிய மூவரும் இச்சான்றுகளைத் தொகுத்து, 110 முதல் 116 வரையுள்ள கட்மியங்களில் அதிர்வுச் சித்திரம் குலைந்தது என்று வெளிப்படையாக எழுதினர். 2019 இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு, 110, 112 கட்மியங்களிற் சுழற்சி 0 உடைய நிலைகள் ஒரே துளியின் வேறு வேறு அதிர்வுகள் அல்ல, ஒரே கரு தாங்கக்கூடிய வேறு வேறு வடிவங்களே என்று கருத இடமளித்தது. ஒரு நடிகர் ஒரே வேடத்திற் பலவாறு ஆடுகின்றார் என்று நாம் எண்ணியிருக்க, அவர் ஒவ்வொரு காட்சியிலும் வேடத்தையே மாற்றுகின்றார் என்பது போலாயிற்று.

இவ்வழக்கு முற்றாக முடிந்ததென்று கூறல் பொருந்தாது. சில நிலைகள் மட்டும் ஒழுங்கை விட்டு விலக, ஏனையவை அதிர்வின் சமச்சீரைப் பேணுகின்றன என்று காட்டும் கணிப்புகளும் உள. முதற்படியான ஒரு போனன் நிலையையும் எவரும் மறுத்திலர். மறுக்கப்பட்டது, அப்படியை அடுக்கி மாளிகை எழுப்பிய எளிமையே.

நம் கரையும் நம் அயலும்

இவ்வாராய்ச்சி தூரதேசத்து விநோதம் என்று எண்ணற்க. முல்லைத்தீவின் தென்முனையிலுள்ள கொக்கிளாயைக் கடந்து புல்மோட்டைக் கரையிற் காலடி வைப்போர் கரிய மணலைக் காண்பர். அதில் இல்மனைற்று, உருற்றைல், மொனசைற்று ஆகியவற்றோடு சிர்க்கோன் என்னும் கனிமமும் உண்டு. சிர்க்கோனிலிருந்து பெறும் சிர்க்கோனியம் கட்மியத்துக்கு நேர்மாறான குணமுடையது. கட்மியம் மெதுவான நியூத்திரன்களை விழுங்கும். சிர்க்கோனியம் அவற்றைப் பெரும்பாலும் தடையின்றி விடும். அதனாலேயே கல்பாக்கத்தில் 1980-களில் இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம் போன்றவற்றில் எரிபொருளுக்கு உறையாகச் சிர்க்கோனியக் கலப்புலோகம் பயன்படுகின்றது.

சிர்க்கோனியத்தின் கருவும் நியூத்திரன் முன் சான்று கூறியுள்ளது. அதன் 94 திணிவெண் உடைய சமதானியில், சுழற்சி 2 உடைய முதல் நிலை 919 இலும், இரண்டாவது 1,671 கிலோ இலத்திரன்வோற்றிலும் உள்ளன. வழமையாக முதல் நிலையே தரைக்கு வலிமையாக இறங்கும். கென்ரக்கியில் நியூத்திரனைக் கொண்டு ஆயுட்காலம் அளந்தபோது, இரண்டாவதே முதலாவதினும் வலிமையாக இறங்குகின்றது என்று 2007 இல் அறிவிக்கப்பட்டது. கருவில் புரோத்தன்களும் நியூத்திரன்களும் ஒத்து ஆடுவதும் உண்டு, ஒன்றுக்கொன்று எதிராக ஆடுவதும் உண்டு. அவ்வாட்டங்களில் எவரது பங்கு எவ்வளவு என்ற வினாவை இவ்வளவீடு எழுப்பியது. நம் காலடி மணலின் ஒரு பரலினுள் இத்துணைப் புதிர் அடங்கியிருக்கின்றது.

பயன்பாடும் சிறிதன்று. கல்பாக்கத்தில் 1985 ஒக்ரோபரில் முதன்முதல் இயங்கிய விரைவு ஈனுலையில், நியூத்திரன்கள் விரைவு குன்றாதிருத்தல் வேண்டும். ஆயின் அவை உருக்கிலுள்ள இரும்பையும், குளிர்விக்கும் சோடியத்தையும், யுரேனியத்தையும் மோதும்போதெல்லாம் அக்கருக்களை அருட்டிச் சக்தியை இழக்கின்றன. இரும்பு 56 இன் முதற்படி 847 கிலோ இலத்திரன்வோற்று, சோடியத்தினது 440. எந்தக் கரு எத்துணை எளிதில் அருட்டப்படும் என்று அறியாதவன் அவ்வுலையின் நடத்தையைக் கணித்தல் அரிது. கருவின் ஓசையைக் கேட்கும் கலை, உலையைக் காக்கும் கலையுமாகின்றது.

மாணவர்க்கு ஒரு சொல்

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? கட்மியத்தின் சக்திப்படிகள் கொள்கையோடு பொருந்தின. பொருத்தம் கண்டு மகிழ்ந்தோர் ஐம்பதாண்டுகள் அதனைக் கற்பித்தனர். அவர் பொய்யுரைத்தாரல்லர், கேட்ட வினா போதாதாயிற்று. உயரத்தைக் கேட்டவர்க்கு உயரமே விடையாயிற்று. ஆயுளைக் கேட்டபோதே உள்ளியல்பு வெளிப்பட்டது. அழகிய உவமை அறிவுக்கு வாயிலாகும். அவ்வாயிலிலேயே அமர்ந்துவிடுவோர்க்கு அது தடையுமாகும்.

ஆர்முடுக்கி நம்மிடம் இல்லையே என்று வன்னி மாணவர் வாடவேண்டியதில்லை. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2021 முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமும் உள்ளன. உலகெங்கும் அளக்கப்பட்ட கருநிலைகளின் சக்தி, சுழற்சி, ஆயுட்காலம் யாவற்றையும் அமெரிக்காவின் புரூக்கேவன் ஆய்வுகூடத்து அணுக்கருத் தரவு நிலையம் எவரும் கட்டணமின்றிக் காணும்படி வெளியிட்டுள்ளது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க. இரட்டையெண் கரு ஒன்றன் சுழற்சி 4 உடைய முதல் நிலையின் சக்தியைச் சுழற்சி 2 உடைய முதல் நிலையின் சக்தியால் வகுத்துப் பார்க்க. விடை 2 இற்குக் கிட்டியதாயின் அதிர்வின் சாயல், 3.33 இற்குக் கிட்டியதாயின் நீண்ட கரு சுழலும் சாயல். 112 கட்மியத்துக்கு 2.29 வரும், 238 யுரேனியத்துக்கு 3.30 வரும். அட்டவணை முழுதும் இவ்வாறு வகுத்துச் செல்லும் மாணவன், கருவின் வடிவம் மெல்ல மெல்ல மாறுவதைத் தன் கைக்கணக்கிலேயே காண்பான்.

கண்டபின் அத்தோடு நில்லாது, ஆயுட்காலத்தையும் தேடிப் பார்க்க. எண் பொருந்துகின்றது என்பதற்காகப் பானையை வாங்கிவிடாது, தட்டிக் கேட்டு வாங்கிய நம் மூதாட்டியரின் மதி அதுவே.